புதன்கிழமைத் தபால் பெட்டி

ஜூன் 3, புதன்

அன்புள்ள சேவலுக்கு,

ராக்கோழி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் மூட்டுவலி உன்னைவிட நலமாக இருக்கும் என்று தெரியும். போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது மந்தம். நான் இங்கே கத்தினால் இந்தக் கட்டிடத்தின் எல்லா மாடியும் சேர்ந்து என் கதையைக் கேட்கும். அதனால் பழைய வழக்கம்தான் நமக்குச் சரி. ஒரே வார்டில் நீ பகல் டியூட்டி, நான் நைட் டியூட்டி என்று ஓட்டிய காலமெல்லாம் நாம் பேசிக்கொண்டதைவிடச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனதுதானே அதிகம். நமக்கு இந்தப் பெயர்களை வைத்த அந்த வாயாடி டாக்டர் இப்போது எங்கே இருக்கிறாரோ.

கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஒரு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சாவியைக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆகப்போகிறது. ஊருக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே, "இருங்கம்மா, அங்க போய் என்ன பண்ணப் போறீங்க" என்கிறான். என்ன செய்வேன்? என் வீட்டில் இருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்கும். வேறென்ன வேண்டும் எனக்கு?

இங்கே நடந்த கூத்தைக் கேள். வந்த புதிதில் ஒருநாள் மகனும் மருமகளும் ஆபீஸ் போன பிறகு, கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன். காலமெல்லாம் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. அவன் மத்தியானம் போன் செய்திருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறான், அதுவும் கேட்கவில்லை. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுக் கதவையே உடைத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தால் கட்டிலைச் சுற்றி ஹெல்மெட் போட்ட ஆட்கள். எமன் வந்தாலும் இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வரமாட்டான் என்று நினைத்தேன். என் மகன் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது.

அம்மாவைப் பகலில் தனியாக விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். இந்த ஊரில் வயதானவர்களுக்கு அருங்காட்சியகங்களில் டிக்கெட் கிடையாது. உட்கார நாற்காலி, தண்ணீர், கழிவறை, பார்த்துக்கொள்ளக் காவலர், எல்லாம் உண்டு. காலையில் திறக்கும் நேரத்துக்குக் காரில் கொண்டு வந்து இறக்குகிறார்கள். மூடும் நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை எல்லாம் மூடியிருக்கும், அன்று மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு அவர்களும் வீட்டில்தான். மற்ற நாட்களில் நான் அரும்பொருள்.

ரயில் மாறுவதற்காக மட்டும் ஜனங்கள் இறங்குகிற ஊர் இது. இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். அவ்வளவு மோசமில்லை, சேவல். செவ்வாய்க்கிழமை தண்ணீர் அருங்காட்சியகம். ஊருக்கு முதன்முதலில் குழாயில் தண்ணீர் ஏற்றிய பழைய பம்ப் நிலையம் அது. ஒவ்வொரு இயந்திரமும் ஒரு வீட்டளவு. பித்தளையைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் ஒரு சக்கரத்தை மட்டும் ஓட்டிக் காட்டுவார்கள், தரையே மெல்ல அதிரும். வியாழக்கிழமை தராசுகளுக்கென்றே ஒரு கட்டிடம். கடிதத்தை நிறுப்பதிலிருந்து லாரியை நிறுப்பது வரை எல்லாம் இருக்கிறது. நம் வார்டில் பிறந்த குழந்தைகளைப் படுக்க வைத்து நிறுப்போமே, அதே மாதிரித் தராசு ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட முடியவில்லையே என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பழைய சிறைச்சாலை. அதையும் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். புதன்கிழமை தபால் அருங்காட்சியகம். அங்கே வாசலுக்கு உட்புறம் நிற்கும் பழைய இரும்புத் தபால் பெட்டி இன்னும் வேலை செய்கிறது. தினமும் ஆள் வந்து எடுத்துப் போகிறார். இந்தக் கடிதம் அதில்தான் விழப்போகிறது. ஆகவே என் கடிதம் புதன்கிழமைதான் கிளம்பும் என்று தெரிந்துகொள்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? உன் வயிற்றில் இருந்தாளே தவிர என் கையில்தான் வந்து விழுந்தாள். அவள் வீட்டுக்காரன் இன்னும் அதே உர்ரென்ற முகத்தோடுதான் இருக்கிறானா?

இப்படிக்கு,
ராக்கோழி


ஜூன் 9

அன்புள்ள ராக்கோழிக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கு வந்த வாழ்வைப் பார். நான் இங்கே மருமகளின் முகத்தைப் பார்த்துப் பொழுதைப் போக்குகிறேன். அதற்கும் டிக்கெட் கிடையாது, ஆனால் உட்கார நாற்காலியும் கிடையாது. காரில் கொண்டு போய் இறக்கி, காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், அதற்கும் ஒரு குறையா உனக்கு? இன்னும் கொஞ்சம் விவரமாக எழுது. அந்தச் சக்கரத்தை யார் ஓட்டுகிறார்கள், எவ்வளவு சத்தம் வரும், எல்லாம் எழுது. இங்கே உன் மியூசியம் கடிதத்துக்கு ஏக கிராக்கி.

உன் வீட்டைப் பற்றி எழுத வேண்டும். பின் அறையில் கூரை ஒழுகுகிறது. ஒரு மழைக்கே சுவர் ஊறிவிட்டது. கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். வேலை முடியும்வரை நீ அங்கேயே இரு. ஈரச் சுவர் உன் நெஞ்சுக்கு ஆகாது.

பாப்பா இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். வேறென்ன எழுத.

சேவல்


ஜூன் 17, புதன்

அன்புள்ள சேவலுக்கு,

சக்கரத்தை ஓட்டுவது ஒரு மெலிந்த மனிதர். ஓட்டுவதற்கு முன்னால் குழந்தைகளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்வார். முதலில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், பிறகு தடதடவென்று சக்கரம் சுழலும் சத்தம். முடிந்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள். அவருக்கு வெட்கம் வந்துவிடும். போதுமா விவரம்? அந்தக் கிராக்கிக்காரி யார் என்று நீ எழுதவில்லை. உன் மருமகளுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இப்போது என் குறையைக் கேள். போன வாரம் தண்ணீர் அருங்காட்சியகத்தில் மத்தியானம் ரொட்டியை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் பூங்காவில் உட்காரலாம் என்று கிளம்பினேன். வாசலில் இருந்த காவலர் கையை நீட்டி மறித்தார். கோபமாக இல்லை, பிரியமாகத்தான். செவிடியிடம் பேசுவது போல உரக்க, "எங்கம்மா போறீங்க? பையன் வருவார், உள்ள உக்காருங்க" என்றார். விசாரித்தால், எல்லா அருங்காட்சியகத்திலும் என் மகன் தன் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான். அம்மாவுக்கு மறதி வியாதி, வெளியே விட்டால் தொலைந்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறான்.

எனக்கு மறதி! வார்டில் எந்தக் கட்டிலில் யார், என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று விடியும்வரை தலைக்குள் வைத்திருந்தவள் நான். மாலையில் அவனைக் கேட்டேன். "சும்மா பாத்துக்கோங்கன்னு சொன்னா யாரும்மா பாத்துப்பாங்க? மறதின்னு சொன்னாதான் கவனமா இருப்பாங்க" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் கொடுமை. சத்தம் போட்டுச் சண்டை போடக்கூட இடம் வைக்காத பிள்ளை. ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இரவு என் கண்ணுக்கு அவன்தான் சொட்டு மருந்து விடுகிறான்.

வெள்ளிக்கிழமை சிறைச்சாலையில் ஒரு விளையாட்டு உண்டு. பார்க்க வந்தவர்களை அறைக்குள் நிற்க வைத்து, காவலர் அம்மா கதவைச் சாத்திப் பூட்டுவார். கொஞ்ச நேரம் விட்டுத் திறப்பார். உள்ளே இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். நானும் ஒரு கூட்டத்தோடு உள்ளே போனேன். கதவு சாத்தியபோது பக்கத்தில் இருந்த பெண் பயப்படுவது போல நடித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை. வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

கொத்தனார் என்ன ஆனார்? ஒழுகினால் ஒழுகட்டும், முன் அறையில் படுத்துக்கொள்கிறேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்.

ராக்கோழி


ஜூன் 23

அன்புள்ள ராக்கோழிக்கு,

சிறை கிறை என்று எழுதாதே, மனதுக்கு என்னவோ போல் இருக்கிறது. உன் மகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறான். என் மகனும் இருக்கிறானே, நான் இருமினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறான்.

கொத்தனாருக்கு வேறு பெரிய வேலை வந்துவிட்டது. வேறு ஆள் பார்க்கிறேன். முன் அறையிலும் லேசாக ஈரம் கண்டிருக்கிறது. அவசரப்பட்டு வந்துவிடாதே. வந்தால் எங்கே படுப்பாய்? மழைக்காலம் போகட்டும். அப்போது நானே வந்து உன்னைக் கூட்டி வருகிறேன்.

தராசுகளைப் பற்றி இன்னும் எழுது. குழந்தைத் தராசைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதச் சொன்னார்கள்.

சேவல்


ஜூலை 1, புதன்

சேவலுக்கு,

இன்று காலை காரில் மருமகளிடம், கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றேன். சிக்னலில் வண்டி நின்றிருந்தது. அவள் ஏதோ யோசனையில், "வீட்லதான் பாப்பா இருக்காங்களே அத்தை, நீங்க எங்க தங்குவீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது.

ஏப்ரலிலிருந்து உன் மகள் என் வீட்டில் இருக்கிறாள். புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டாள். உன் மகன் வீட்டில் சேர்க்கமாட்டேன் என்றதும், நீ என் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு என் மகனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாய். அவனுக்கும் அது வசதி. அம்மா திரும்பிப் போக வீடு இல்லை என்றால் அம்மா இங்கேயே இருப்பாள். என்னிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒழுகாத கூரைக்கு இல்லாத கொத்தனாரைத் தேடினாயே, சேவல். எத்தனை சீட்டு எனக்கு எழுதி வைத்திருப்பாய், ஒன்றிலாவது பொய் எழுதியிருக்கிறாயா? இந்த வயதில்தான் உனக்கு அது கை வந்ததா?

நான் இங்கே காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கொத்தனார் வந்திருப்பாரா, பூச்சு காய்ந்திருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அது என் வீடு. இரவெல்லாம் கண் விழித்து நான் கட்டிய வீடு. உன் மகளுக்கு நீ இருக்கிறாய். எனக்கு அந்தச் சுவர்களைத் தவிர இந்த உலகத்தில் சொந்தமாக ஒரு மூலை கிடையாது. இந்த மாதம் பாதிக்குள் அவளைக் காலி செய்யச் சொல். இதை எழுதி முடித்ததும் பெட்டியில் போடப்போகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போனால் மனம் மாறிவிடும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஜூலை 3, வெள்ளி

அன்புள்ள சேவலுக்கு,

சிறைச்சாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன கடிதம் கைக்கு வந்திருக்கும், அல்லது நாளை வரும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைப் படி.

அவள் ஏன் வந்தாள் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நேற்று மருமகள் சொன்னாள். அவன் வேலைக்குப் போகும்போது பாப்பாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவானாம். சாவி அவன் பையில் இருக்குமாம். கேட்டால், திருட்டு பயம், உன் நல்லதுக்குத்தான் என்பானாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்தபோது கட்டிய புடவையோடு கிளம்பி வந்தவளாம். பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்றும், போன் நம்பரைக்கூட அவன் கண்டுபிடிக்காதபடி மாற்றிவிட்டாள் என்றும் சொன்னாள்.

அவளைப் போகச் சொல்லாதே. முன் அறை அவளுக்கு, பின் அறை எனக்கு. பகலில் நான் தூங்குவேன், அவள் வேலைக்குப் போய்விடுவாள். இரவில் அவள் தூங்கட்டும், நான் விழித்துக்கொண்டு காவல் இருக்கிறேன். அவன் வந்தால் வாசலில் என் முகத்தைத்தான் பார்ப்பான். நீயும் நானும் ஓட்டவில்லையா, அப்படியே ஓட்டுவோம். நீ பொய் எழுதியதற்கு வந்து இரண்டு திட்டுத் திட்டுகிறேன், வாங்கிக்கொள்.

இதை இன்று அனுப்ப எனக்கு வழியில்லை. மருமகளிடம் கொடுத்தால் கைப்பையிலேயே குடியிருக்கும். மகனிடம் கொடுக்க மனம் வரவில்லை. போன் செய்து சொல்லலாம் என்றால் உனக்குக் கேட்காது, பாப்பாவின் நம்பர் இங்கே யாரிடமும் இல்லை. உன் மகனிடம் சொன்னால் காலி செய்யச் சொன்னதை மட்டும்தான் காதில் வாங்குவான். இங்கே காவலர் அம்மாவிடம் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டார். நான் கெஞ்சுவதே வியாதி என்று நினைக்கிறார். புதன்கிழமைவரை இது என் பையில்தான் கிடக்க வேண்டும்.

பாப்பாவிடம் சொல், பெரியம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போயிருந்தது, இப்போது திரும்பிவிட்டது.

ராக்கோழி


ஜூலை 6

ராக்கோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உன் மியூசியம் கடிதம் வந்தால் முதலில் படிப்பது பாப்பாதான். உனக்கு அது தெரியாது. வாசலிலேயே தபால்காரரிடம் வாங்கிப் பிரித்து, சிரித்துச் சிரித்துப் படித்துவிட்டுத்தான் எனக்குத் தருவாள். அன்றைக்கும் அப்படித்தான் பிரித்தாள். படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"பெரியம்மா கேட்டதுல தப்பில்லம்மா. அவங்க வீடுதானே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொறு, ராக்கோழிக்கு நான் பதில் எழுதுகிறேன், அவள் கோபக்காரி, ஆனால் கரைந்துவிடுவாள் என்றேன். ஏற்கெனவே பெரியம்மா வீட்டைத் திருடியது போல் இருக்கிறது, இனி ஒரு நாளும் இருக்கமாட்டேன் என்றுவிட்டாள். அவளே அவனுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைக் கூட்டித் துடைத்தாள். உன் போர்வைகளைத் துவைத்துக் காய வைத்தாள். மத்தியானம் அவன் வந்தான். காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. ஹாரன் அடித்தான், இவள் போய் ஏறிக்கொண்டாள்.

என் மகன் நல்ல காரியம் என்றான். என் மருமகள் எல்லாருக்கும் டீ போட்டாள்.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வருத்தம் இருக்கிறது. என்மேல் அதைவிட இருக்கிறது. முதல் கடிதத்திலேயே உண்மையை எழுதியிருந்தால் நீயே அவளை இருக்கச் சொல்லியிருப்பாய். எனக்கு அப்போது பயம். மறுத்துவிட்டால் அவளை எங்கே கொண்டு போய் வைப்பேன் என்ற பயம்.

உன் வீடு காலியாக இருக்கிறது. எங்கும் ஒழுகவில்லை. எப்போது வேண்டுமானாலும் வா.

சேவல்


ஜூலை 10, வெள்ளி

அன்புள்ள சேவலுக்கு,

பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், மடியில் வைத்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று மாலை வந்தது. நான் புதன்கிழமை போட்ட கடிதம் உனக்கு இன்றோ நாளையோ கிடைக்கும். அதைப் படித்து அழுதுகொண்டு உட்காராதே. நான் நேற்றே இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாயிற்று.

காலையில் வழக்கம் போலச் சிறைச்சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் நேராகக் காவலர் அம்மாவிடம் போய் உன் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் இரண்டு தரம் படித்தார். நான் போய் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பையன் வந்து கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க. எனக்கு மறதி இல்லைன்னும் சொல்லுங்க."

அவர் வாசல்வரை வந்து, எந்தப் பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்ட் என்று கை காட்டினார். இத்தனை மாதத்தில் இந்த ஊரில் நான் தனியாக நடந்தது இன்றுதான். நல்ல ஊர், சேவல். தெருவெல்லாம் பெரிய மரங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பூச்செடி. காரில் போகும்போது இதொன்றும் என் கண்ணில் படவில்லை. ஒருநாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தச் சக்கரத்தைக் காட்ட வேண்டும். அவளுக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும்.

மகனுக்கு மத்தியானம் இங்கே யாருடைய போனிலாவது சொல்லிவிடுவேன். துடித்துப் போவான். ஆனால் அவனைப் பார்த்துக்கொள்ள அவன் பெண்டாட்டி இருக்கிறாள், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் நேராக அங்கே வரவில்லை. பாப்பா வீடு இருக்கும் ஊரில் இறங்குகிறேன். கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த வழிதான், போய்விடுவேன். வெளியே பூட்டியிருந்தால் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருப்பேன். அவன் வரும்வரை பேசுவேன், வந்த பிறகும் பேசுவேன். அவள் என்னோடு வருவாளா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியதைப் படித்தவள், வராமலும் போகலாம். அப்படியானால் நாளையும் போவேன். அந்த ஊரில் தங்க ஒரு இடம் கிடைக்காமலா போகும்.

பஸ்ஸில் ஏறியதும் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதெல்லாம் அப்புறம். முதலில், பாப்பா, கிளம்பு, உன் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறேன்.

ராக்கோழி